ஒரே மாத்திரை, ரெண்டு கிருமி: ஆஸ்டலுக்குப் போற பையனுக்கு ஒரு யோசனை சொல்லுங்க

பவானிக்கரை
எல்லாருக்கும் வணக்கமுங்க. ரெண்டு வருசமா இங்க படிக்கறதோட சரி, எழுதறது இதுதான் மொத தடவ.

என் தங்கச்சி பையன். பொறக்கும்போதே எச்.ஐ.வி. தங்கச்சி வீட்டுக்காரர் போர் போடற ரிக் வண்டிக்குப் போனவரு. வருசத்துல எட்டு மாசம் வடக்கதான் இருப்பாரு. அவரும் போயி, தங்கச்சியும் போயி, அஞ்சு வயசுல இருந்து பையன் என்கூடத்தான். பெரியம்மான்னு கூப்பிட்டதே இல்ல, அம்மாதான். பத்தாவதுல 462 மார்க்கு. ராசிபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல ஆஸ்டலோட பதினொண்ணாவது சேர்த்தியாச்சு.

போறதுக்கு முன்னால கடவாப் பல்லு சொத்தையைப் புடுங்கிரலாம்னு ஒரு பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ரத்தம் எடுத்தாங்க. அரை மணி நேரங் கழிச்சு அந்தப் பொண்ணு வெளிய வந்து, உக்காந்திருக்கறவங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "உங்க பையனுக்கு ரெண்டும் பாசிட்டிவ், இங்க பாக்க முடியாதுங்க"ன்னுட்டா. ரெண்டுமா? எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். இன்னொண்ணு ஹெபடைடிஸ் பி-ங்கற கல்லீரல் சீக்காம். பையன் ஒண்ணும் பேசல. பஸ்ஸுல வரும்போது கன்னத்துல கைய வெச்சுட்டே வந்தான்.

இப்ப என்ற வெசனம் ரெண்டு. புதுசா வந்த இந்தச் சீக்குக்கு வேற மாத்திரை மாத்தோணுமா? ஆஸ்டல்காரங்ககிட்டச் சொல்லோணுமா, வேண்டாமா?

இன்னொண்ணும் சொல்லிடறேன். நேத்து ராத்திரி அவன் தூங்கினதுக்கு அப்பறம் மாத்திரை டப்பாவைத் தட்டத்துல கொட்டி எண்ணினேன். கணக்குப்படி 9 இருக்கோணும். 20 இருக்குது.

ஊசிக்காரி
அக்கா, மொதல்ல அந்த 20-க்கு வாரேன், மத்ததெல்லாம் அதுக்கப்பறம்.

11 நாள் மாத்திரை விட்டிருக்கான். எச்.ஐ.வி மட்டும் இருக்கற பசங்க விட்டாலே தப்புதான், ஆனா அது சத்தமில்லாம ஏறும். பி கிருமியும் சேந்து இருக்கறவன் விட்டா கதை வேற. அதுவரைக்கும் அடங்கிக் கெடந்த கிருமி கொஞ்ச வாரத்துலயே பொங்கலாம், கல்லீரல் வீங்கிரலாம். உயிருக்கே ஆபத்தாப் போனவங்களும் உண்டு. நான் பயமுறுத்தலீங்க. ஆனா இதைப் பையனுக்கே சொல்லியாகோணும், உங்களுக்கு மட்டும் தெரிஞ்சு பிரயோசனம் இல்ல.

மாத்திரை மாத்த வேண்டியிருக்காதுங்க. அவன் முழுங்கற அந்த ஒண்ணுக்குள்ள மூணு மருந்து இருக்குது: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். மொத ரெண்டும் எச்.ஐ.வி-யையும் அமுக்கும், பி-யையும் அமுக்கும். அதாவது உங்களுக்குப் பேரு தெரியாமலே அந்தச் சீக்குக்கும் வைத்தியம் நடந்துட்டுத்தான் இருந்திருக்குது.

ஆனா ஒரு கேள்வி. சின்ன வயசுல என்ன மருந்து குடுத்தாங்க? அப்பெல்லாம் சிடோவுடின், லாமிவுடின், நெவிரபின்னு ஒரு கூட்டு. அதுல பி-க்கு எதிரா இருந்தது லாமிவுடின் ஒண்ணுதான். ஒத்தையா நின்னா சில வருசத்துல கிருமி அதுக்குப் பழகிக்கும். டெனோஃபோவிர் பொதுவா அந்தப் பழகின கிருமியையும் புடிச்சிரும், இருந்தாலும் எந்த வருசத்துல மாத்தினாங்கன்னு டாக்டருக்குத் தெரியோணும். மருந்து விவரம் எழுதற பழைய பச்சை நோட்டு இருந்தா, எச்.ஐ.வி மருந்து குடுக்கற ஏ.ஆர்.டி சென்டருக்கு எடுத்துட்டுப் போங்க. பி வைரஸ் அளவு, கல்லீரல் ரத்தப் பரிசோதனை, வயித்து ஸ்கேன், இந்த மூணையும் கேளுங்க. 2018 ஜூலைல தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டம் வந்ததுக்கு அப்பறம் அரசாங்கத்துலயே இலவசமாப் பாக்கறாங்க.

"புதுசா வந்த"ன்னு எழுதியிருக்கீங்க. பெரும்பாலும் புதுசு இல்லீங்க. பொறக்கும்போது அம்மாகிட்ட இருந்து வந்திருந்தா நூத்துக்கு 90 கொழந்தைகளுக்கு அது ஆயுசுக்கும் ஒட்டிக்கும். இதே பெரியவங்களுக்கு வந்தா நூத்துக்கு 95 பேருக்குத் தானாப் போயிரும். பொறந்து 24 மணி நேரத்துக்குள்ள ஊசி போட்டிருந்தா பெரும்பாலும் தடுத்திருக்கலாம்.

பவானிக்கரை
பச்சை நோட்டு இருக்குதுங்க. ஏழாவது படிக்கும்போது மாத்தினாங்க. தடுப்பூசி அட்டைதான் எங்க போச்சோ, தங்கச்சி வெச்ச எடம் அவளுக்குத்தான் தெரியும்.

ஏன் விட்டேன்னு கேட்டதுக்கு, "எப்பவும் நாந்தான் முழுங்கறேன், நீ ஒரு நாளாச்சும் முழுங்கினியா"ங்கறான். என்ன பதில் சொல்றதுங்க.

கொல்லிமலைக்காத்து
நானும் ஒரு தகப்பன்தான். என் பையனும் அந்தப் பக்கத்து ஆஸ்டல்லதான் படிக்கறான். கோவிச்சுக்காதீங்க, மனசுல பட்டதைக் கேக்கறேன். ஒரு ரூமுல எட்டு பசங்க. ஒரே பக்கெட்டு, ஒரே சோப்பு. பதினாறு வயசுல மீசை மொளைக்குது, ஒருத்தன் வாங்கின ரேசர்ல எட்டு பேரும் வழிக்கறான். வெளையாட்டுல முட்டி பேந்தா ரத்தம். பக்கத்துக் கட்டில்ல இருக்கறவனுக்கு இப்படின்னு எனக்குத் தெரிய வேண்டாமா? லட்ச லட்சமாக் கட்டறோம். பள்ளிக்கூடத்துல சொல்லிட்டு, டே ஸ்காலரா விடுங்க. அதுதான் நாயம்.

குழாய்க்கண்ணாடி
லேப்ல இருபது வருடம் ஊசியும் குழாயுமாகக் காலம் தள்ளியவன் என்பதால் கொல்லிமலையாருக்கு நான் பதில் சொல்கிறேன்.

ரேசர் விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில் 7 நாள் வரை உயிரோடு இருக்கும். எச்.ஐ.வி அப்படித் தாங்காது. தொற்றுள்ளவருக்குக் குத்திய ஊசி எங்கள் விரலில் குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு பி வரும் வாய்ப்பு நூற்றுக்கு 30 வரை போகும். எச்.ஐ.வி வரும் வாய்ப்பு ஆயிரத்தில் 3. எங்கள் லேப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் எச்.ஐ.வி குழாயைப் பார்த்தால் இரண்டு கையுறை போடுவார்கள், பி குழாயை வெறுங்கையால் எடுப்பார்கள். திட்டித் திட்டி வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஆனால் நீங்கள் பயப்படும் ஆள்தான் தப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி 2022-இல் இந்தியாவில் பி கிருமியோடு வாழ்பவர்கள் ஏறக்குறைய 3 கோடிப் பேர். எச்.ஐ.வி-யோடு வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம். அந்த 3 கோடியில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. 500 பிள்ளைகள் இருக்கும் ஆஸ்டலில் பி இருக்கிற, அது தனக்கே தெரியாத பையன் ஏற்கெனவே இருக்க வாய்ப்பு உண்டு. அவனைத்தான் நீங்கள் பார்த்துப் பயப்பட வேண்டும், ஆனால் அவன் யாரென்று யாருக்கும் தெரியாது. பவானிக்கரையம்மா வீட்டுப் பையன் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் அவன் ரத்தத்தில் இரண்டு கிருமியும் பரிசோதனையில் தென்படாத அளவுக்கு இறங்கிவிடும். அந்த ரூமில் ஆபத்து குறைந்த ஆள் அவனாகக்கூட இருக்கலாம்.

உங்கள் பையனுக்கு பி தடுப்பூசி போட்டிருக்கிறதா? தெரியாவிட்டால் போடுங்கள். இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. மூன்று ஊசியில் முடிகிற காரியத்துக்கு ஒரு பிள்ளையை ஆஸ்டலை விட்டு விரட்ட வேண்டியதில்லை. ரேசரை மட்டும் தனியாக வாங்கிக் கொடுங்கள், அது யார் பையனாக இருந்தாலும்.

கொல்லிமலைக்காத்து
ஊசி போட்டமா இல்லையான்னு வீட்டுல கேட்டேன். சம்சாரத்துக்கும் தெரியல. அட்டை எங்க வீட்டுலயும் இல்லீங்க. நாளைக்குப் போறேன்.

ஆனா சொல்லோணும்ங்கறதுல நான் மாறல.

கோர்ட்டுவாசல்
சட்டம் உங்க பக்கம் இல்லீங்க அண்ணா. எச்.ஐ.வி, எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல வந்துச்சு, 2018 செப்டம்பர் 10-ல நடைமுறைக்கு வந்துச்சு. தனக்கு எச்.ஐ.வி இருக்குதுன்னு சொல்லச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அதைக் காரணம் காட்டிப் பள்ளிக்கூடத்துல எடம் இல்லைன்னும் சொல்லக் கூடாது, வைத்தியம் பாக்க மாட்டேன்னும் சொல்லக் கூடாது. பல் ஆஸ்பத்திரியில பத்து பேருக்கு முன்னால வாய்விட்டுச் சொன்னதும் அந்தச் சட்டத்துக்கு விரோதம்தான். 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற ஆஸ்பத்திரின்னா புகார் வாங்கறதுக்கு ஒரு அதிகாரியே வெச்சிருக்கோணும்.

ஹெபடைடிஸுக்கு இப்படித் தனிச் சட்டம் கிடையாது. அதையும் நெனப்புல வெச்சுக்கங்க.

மூலிகைக்கொல்லை
அம்மணி, கல்லீரலுக்குக் கீழாநெல்லியை மிஞ்சியது உலகத்தில் இல்லை. வெறும் வயிற்றில் ஒரு நெல்லிக்காய் அளவு அரைத்து மோரில் கலக்கி நாற்பத்தெட்டு நாள். எங்கள் அப்பாரு காலத்தில் காமாலைக்கு ஊசியா போட்டார்கள்? அந்த ரசாயன மாத்திரைதான் கல்லீரலைக் கெடுப்பது.

குழாய்க்கண்ணாடி
கீழாநெல்லியை நானும் மதிக்கிறவன்தான். 1988-இல் சென்னையிலிருந்து தியாகராஜன் குழுவினர் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பி கிருமியைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் வாங்கிய பிளம்பெர்க்கும் அதில் ஓர் ஆசிரியர். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்ததாக எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் ஊர்ச் செடி ஜெயித்திருந்தால் எனக்கும் சந்தோஷம்தான்.

உங்கள் அப்பாரு காலத்துக் காமாலை பெரும்பாலும் தண்ணீரில் வரும் ஏ, ஈ வகை. அது கீழாநெல்லி கொடுத்தாலும் போகும், சும்மா இருந்தாலும் போகும். நல்ல பேர் என்னவோ அந்தச் செடிக்கு.

மூலிகைக்கொல்லை
லான்செட்டில் வந்ததென்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அது போதும் எனக்கு.

நெறியாளர்
இந்த இழையில் மருந்தை நிறுத்தச் சொல்லும் பதிவு இனி வந்தால் நீக்கப்படும். கீழாநெல்லி பற்றிப் பேச மூலிகைப் பகுதியில் தனி இழை உள்ளது. பவானிக்கரையின் முதல் பதிவில் இருந்த பள்ளியின் பெயரை எடுத்துவிட்டேன், பையனைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால்.

ஒம்பதரைஅலாரம்
பெரிம்மா, எனக்கு 23. நானும் பொறந்ததுல இருந்தே. கோயமுத்தூருல வேலை, பீளமேட்டுல ரூமு.

எனக்கு யாரும் உக்கார வெச்சுச் சொல்லல. "நம்பிக்கை மையம்"னு போர்டு போட்ட ரூமுக்கு மாசாமாசம் எதுக்குப் போறோம்னு யோசிச்சுட்டே இருந்தேன். எட்டாவது அறிவியல் பாடம் எடுக்கும்போது அந்தப் பேரு வந்துச்சு. கிளாஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அன்னிக்கு ராத்திரி அப்பத்தாகிட்டக் கேட்டேன், அவங்க பருப்பு கடையறதை நிறுத்தவே இல்ல. அதுலயே தெரிஞ்சு போச்சு.

உங்க பையன் 11 நாள் விட்டான். நான் அஞ்சு மாசம் விட்டேன், காலேஜ் ஆஸ்டல்ல. காரணம் தத்துவமெல்லாம் இல்ல பெரிம்மா. டப்பா கலகலன்னு சத்தம் போடும். அவ்வளவுதான். டிரங்க்குப் பொட்டியத் தொறந்தாலே "என்னடா மாத்திரை"ன்னு ஒருத்தன் கேப்பான். காலி வைட்டமின் டப்பாவுல மாத்தி வெச்சேன், ஒருத்தன் எனக்கும் குடுன்னு எடுத்து வாயில போடப் பாத்தான். அன்னிக்கோட விட்டுட்டேன். சிடி4-ங்கற எதிர்ப்புச் சக்தி அணுக்கள் எறங்கி, வாயெல்லாம் வெள்ளை வெள்ளையாப் புண்ணு வந்து, மறுபடியும் அதே ரூமு, அதே போர்டு.

இப்ப என்ன பண்றேன்னு சொல்றேன். அதே டப்பாதான். மூடிக்குள்ள பஞ்சை அடைச்சு வெச்சுட்டா சத்தம் வராது. அதுலயே ஈரம் உறிஞ்சற சின்னப் பொட்டலம் ஒண்ணு இருக்கும், அதைத் தூக்கிப் போட்டராதீங்க. லேபிளைச் சொரண்டிட்டேன். ராத்திரி ஒம்பதரைக்கு அலாரம், எல்லாரும் பல்லு வெளக்கப் போற நேரம்.

சொல்லவா வேண்டாமான்னா, வார்டனுக்கு எச்.ஐ.வி-ன்னு சொல்லாதீங்க. நல்ல வார்டன் போயி வேற வார்டன் வருவான்.

ஊசிக்காரி
தம்பி சொன்னதுல ஒண்ணு சேத்துக்கறேன். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரையை இதோட வெறும் வயித்துல ஒண்ணாப் போடக் கூடாது, டோலுடெக்ராவிர் உடம்புல சரியா ஏறாது. பள்ளிக்கூடத்துல வாரம் ஒருக்கா நீலக் கலர்ல இரும்பு மாத்திரை குடுப்பாங்க. அது பகல்ல, இது ராத்திரின்னு வெச்சுக்கிட்டாப் போதும்.

பவானிக்கரை அக்கா, இன்னொண்ணு கேக்கறேன். கவுன்சிலர் ரூமுக்குள்ள நீங்களும் பையனோட உக்காருவீங்களா?

பவானிக்கரை
ஆமாங்க. பின்ன தனியா எப்படி விடறது?

ஒம்பதரைஅலாரம்
விடுங்க பெரிம்மா. அப்பத்தா பக்கத்துலயே உக்காந்திருந்ததால பத்தொம்பது வயசு வரைக்கும் ஒருத்தரும் எனக்கு ஆணுறை பத்தி வாயே தொறக்கல. நானும் கேக்கல. ஒரு பொண்ணைப் புடிச்சிருக்குதுன்னு வந்தப்பத்தான் ஓடிப்போயிக் கேட்டேன். வைரல் லோடு, அதாவது ரத்தத்துல இருக்கற கிருமி அளவு, கண்டுபுடிக்க முடியாத அளவுக்கு எறங்கி அப்படியே நின்னா உடலுறவுல எச்.ஐ.வி பரவாதுன்னு அன்னிக்குத்தான் தெரியும். அந்த ஒரு வரியைப் பதினாறு வயசுல சொல்லியிருந்தா நான் அஞ்சு மாசம் மாத்திரை விட்டிருக்க மாட்டேன். நமக்குக் கல்யாணமே இல்லைன்னு நெனச்சவனுக்கு எதுக்கு மாத்திரை?

ஊசிக்காரி
பி-க்கு அதே வரியை அப்படியே சொல்ல முடியாது தம்பி. அதுக்கு வரப்போற பொண்ணுக்குத் தடுப்பூசி போட்டுட்டாத் தீந்துது. கொழந்தை பொறந்தா அதுக்கும் அன்னிக்கே ஊசி. நம்ம வீட்டுல மாப்பிள்ளை பாக்கப் போனா ஜாதகம், கூட்டம், தோட்டம் எத்தனை ஏக்கரான்னு எல்லாத்தையும் கேப்போம். இந்த ஊசியை ஒருத்தரும் கேக்க மாட்டோம்.

பவானிக்கரை அக்கா, உங்க வீட்டுல இருக்கறவங்களும் ரத்தப் பரிசோதனை பண்ணிட்டுப் போட்டுக்கங்க. "நீ ஒரு நாளாச்சும் முழுங்கினியா"ன்னு கேட்டானே, ஊசியாவது குத்திக்கிட்டு வந்து காட்டுங்க.

பவானிக்கரை
ஒரு வாரமா எழுத முடியல. சென்டருக்குப் போயிட்டு வந்தமுங்க. பையனைத் தனியா விட்டுட்டு வெளிய பெஞ்சுல உக்காந்தேன். முப்பத்தஞ்சு நிமிசம். உள்ள சிரிப்புச் சத்தம் வேற கேட்டுச்சு. என்ன பேசினீங்கன்னு கேக்கோணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, கேக்கலீங்க.

கல்லீரல் ரத்தப் பரிசோதனை பரவால்லையாம். ஸ்கேன்லயும் ஒண்ணும் இல்ல. பி வைரஸ் அளவுக்கு ரத்தம் எடுத்திருக்காங்க. பல்லு, அரசு ஆஸ்பத்திரியில புடுங்கியாச்சு. அந்த டாக்டரம்மா ரெண்டையும் படிச்சுட்டு, "சரி, வாயைத் தொற"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

நானும் எங்க வீட்டுக்காரரும் மொத ஊசி போட்டுக்கிட்டோம். தோள்பட்டை வலிக்குதுன்னு சொன்னேன். "ஒரு ஊசிக்கேவா"ன்னு பையன் கேக்கறான்.

ஆஸ்டல் விசயத்துல அவனே ஒரு வழி சொல்றான். யாராச்சும் கேட்டா "எனக்குக் கல்லீரல்ல காமாலைக் கிருமி இருக்குது, அதுக்கு ராத்திரி மாத்திரை"ன்னு சொல்லிக்கறானாம். பொய்யும் இல்ல, அதே மாத்திரைதானேங்கறான். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.

குழாய்க்கண்ணாடி
கெட்டிக்காரப் பையன். ஆனால் ஒரு ஓட்டை உண்டு. விவரம் தெரிந்த யாராவது இருந்தால், நான் மேலே சொன்ன 7 நாள் கணக்கைச் சொல்லிப் பயப்படுவார்கள். எச்.ஐ.வி-க்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பும் இதற்கு இல்லை என்று கோர்ட்டுவாசல் சொன்னதை மறக்க வேண்டாம்.

ஒம்பதரைஅலாரம்
அண்ணா, காமாலைன்னு சொன்னா யாரும் அப்பா என்ன பண்ணாரு, அம்மா எப்படின்னு கேக்க மாட்டாங்க. அந்த ஒரு வித்தியாசம் உங்க லேப்ல தெரியாது.

குழாய்க்கண்ணாடி
ஒப்புக்கொள்கிறேன்.

கொல்லிமலைக்காத்து
என் பையனுக்கு மொத ஊசி போட்டாச்சுங்க. பெற்றோர் கூட்டத்துல எந்திரிச்சு, எல்லாப் பசங்களுக்கும் ஒரு முகாம் வெச்சுப் போட்டா என்னன்னு கேட்டேன். உங்க பையன் பேச்சு எதுவும் எடுக்கல. செவுரு பூரா ரேங்க் பட்டியல் ஒட்டறதுக்கு எடம் இருக்குது, இதுக்குத் தேதி இல்லைங்கறாங்க. விடப் போறதில்ல.

எம் பையனுக்கு ரேசரும் தனியா வாங்கிக் குடுத்தேன். ரெண்டு வாங்கினேன், ஒண்ணு உங்களுக்கு அனுப்பட்டுமாங்க அக்கா?

பவானிக்கரை
வேண்டாமுங்க தம்பி, மனசே போதும். அவனுக்கு ஏற்கெனவே ஒண்ணு வாங்கி, கைப்பிடியில ஆணியில அவன் பேரோட மொத எழுத்தைக் கீறிக் குடுத்துட்டேன்.

பவானிக்கரை
ரெண்டு மாசம் ஆச்சு. யாரோ தனிமடல்ல கேட்டிருந்தாங்க, அதான் எழுதறேன்.

பி வைரஸ் அளவு ரொம்பக் கம்மியா இருக்குதுன்னு சொல்லிட்டாங்க, இதே மாத்திரையத் தொடரோணுமாம். போன ஞாயித்துக்கெழமை பாக்கப் போனப்ப டப்பாவை அவனே என் கையில குடுத்து எண்ணச் சொன்னான். 4 இருக்கோணும், 4 இருந்துச்சு.

காமாலைக் கதையை வார்டன் நம்பிட்டாரு. நல்லா நம்பிட்டாரு. மெஸ்ஸுல சொல்லி, பையனுக்கு மட்டும் எண்ணெய், காரம் இல்லாம மோருஞ்சோறும் இட்லியும் தனியா எடுத்து வெக்கச் சொல்லியிருக்காரு. ரெண்டு மாசமா பத்தியம். நேத்து ஒம்பதரைக்கு போன் பண்ணி, "அம்மா, மாத்திரை போட்டுட்டேன், அடுத்த வாரம் வரும்போது புரோட்டா வாங்கிட்டு வா, வார்டனுக்குத் தெரியாம"ங்கறான்.